சுக்கான் ஆடுகிறதா? முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பாய்மரப் படகில் சுக்கான் லூஸாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடத்தில்?" பெரும்பாலும் பதில் வராது. "டில்லரைப் பிடித்தால் கையிலே கடகடவென்று ஆடுது", "நங்கூரம் போட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க டொக் டொக்குன்னு சத்தம்" என்பார்கள். ஆட்டம் இருப்பதற்கு இவை அடையாளம். எங்கே இருக்கிறது என்பதை இவை சொல்லாது. ஒரு சுக்கானில் ஆட்டம் வரக்கூடிய இடங்கள் ஐந்து உண்டு. ஐந்துக்கும் வைத்தியம் வேறு வேறு. இடம் தெரியாமல் கை வைத்தால் பணம் போகும், ஆட்டம் மட்டும் போகாது.

என் படகு நிற்பது லுமுட்டில். பேராக் மாநிலத்தின் கரையில், பங்கோர் தீவுக்கு எதிரே, டிண்டிங் ஆறு கடலில் சேரும் பக்கம். 1970களில் வார்த்த 27 அடி ஃபைபர் படகு. சுக்கான் பலகை படகின் அடியில் பின்பக்கமாகத் தனியே தொங்குகிறது. முன்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. பலகையிலிருந்து ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு கிளம்பி, படகின் அடித்தளத்தோடு சேர்த்து ஒட்டிய ஃபைபர் குழாய் வழியாக மேலே ஏறுகிறது. அதன் உச்சியில் ஒரு உலோகத் தலை, அந்தத் தலையில் சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான மர டில்லர். குழாயின் கீழ்முனையிலும் மேல்முனையிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் புஷ். தண்டு இந்த இரண்டு புஷ்ஷில் மட்டும்தான் தொட்டுச் சுழல்கிறது. இந்த வருஷம் படகைக் கரையேற்றியபோது சுக்கானை முழுதாக இறக்கி, இரண்டு புஷ்ஷையும் மாற்றினேன். பழைய படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது

சுக்கானில் லேசான ஆட்டம் இருந்தாலும் படகு திரும்பும். அதனால்தான் பலர் வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் இந்தத் தேய்மானம் ஒரே வேகத்தில் போவதில்லை. இடைவெளி சின்னதாக இருக்கும்வரை தண்டு புஷ்ஷில் உரசுகிறது. இடைவெளி பெரிதானதும் இடிக்க ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு இடியும் இடைவெளியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கும். பெரிதான இடைவெளியில் அடுத்த இடி இன்னும் பலமாக விழும். படகு ஓடும்போதாவது தண்ணீர் பலகையை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். நங்கூரத்தில் நிற்கும்போது அந்த அழுத்தமும் கிடையாது. பக்கத்தில் ஃபெர்ரி போனால், மீன்பிடிப் படகு போனால், வரும் அலையெல்லாம் பலகையை இப்படியும் அப்படியும் தள்ளும். படகை யாருமே தொடாத நாட்களில்தான் புஷ் அதிகம் அடிபடுகிறது. ஆகவே நிறுத்திவிட்டு இறங்கும்போது டில்லரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். காசு செலவில்லாமல் புஷ்ஷின் ஆயுளைக் கூட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்தப் புஷ் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என் சுக்கான் பலகையின் பரப்பு ஏறக்குறைய 0.35 சதுர மீட்டர். படகு 6 நாட் வேகத்தில் போகும்போது டில்லரைப் பலமாகத் திருப்பினால், பலகையில் பக்கவாட்டாக விழும் விசை சுமார் 170 கிலோ எடைக்குச் சமம். பலகை முழுவதும் கீழ்ப்புஷ்ஷுக்கும் கீழே தொங்குவதால் இங்கே நெம்புகோல் கணக்கும் சேர்ந்துகொள்ளும். கீழ்ப்புஷ்ஷுக்கு வருவது 320, 330 கிலோ. மேல்புஷ்ஷுக்கு எதிர்ப்பக்கமாக 150 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இந்த எண்கள் எல்லாம் நான்கு மடங்காகும். பெரிய அலையில் சறுக்கி இறங்கும் படகுக்கு அந்த வேகம் வந்துவிடும். கீழ்ப்புஷ் எப்போதும் முதலில் தேய்வது இதனால்தான்.

மலாக்கா நீரிணையில் சுமத்ரா என்று நாங்கள் சொல்லும் சூறைக்காற்று ஏப்ரல் முதல் நவம்பர் வரை எந்த நாளிலும் வரலாம். பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்னால், மேற்கே ஒரு கறுப்பு வளைவாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் காற்று 40 நாட்டைத் தொடும். அந்த இருட்டில், மழையில், கப்பல் பாதைக்கும் கரைக்கும் நடுவில் படகைத் திருப்பி நிறுத்த நம்மிடம் இருப்பது அந்தச் சுக்கான்தான்.

சுக்கான் பழுது பெரிய கடலோடிகளையும் விட்டுவைத்ததில்லை. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. அயர்லாந்துக்குத் தெற்கே பிடித்த புயலில் பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். அந்தப் புயலில் சுக்கானை இழந்து தத்தளித்த படகுகள் பல. அவற்றில் புதிதாக அறிமுகமாகியிருந்த கார்பன் ஃபைபர் தண்டு முறிந்தவையும் உண்டு. இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ஐஎன்எஸ்வி தாரிணியில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றினார்கள். மூன்று பெரிய முனைகளையும் தாண்டி, ஊர் திரும்பும் கடைசிக் கட்டத்தில், சுக்கான் இயக்கும் அமைப்பில் பழுது ஏற்பட்டு, 2018 ஏப்ரலில் மொரீஷியஸின் போர்ட் லூயியில் திட்டமில்லாமல் நிற்க வேண்டி வந்தது. பழுது பார்த்து மே மாதம் கோவா சேர்ந்தார்கள். கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படும் படகிலேயே அந்த அமைப்பு பழுதாகிறது என்றால், வருஷத்துக்கு ஒருமுறை கரையேறும் நம் படகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து இடங்கள்

ஆட்டம் வரக்கூடிய இடங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, மர டில்லர் தலையில் பொருந்தும் இடம். போல்ட் ஓட்டை மரத்தில் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டாவது, தலை தண்டில் பொருந்தும் இடம். சாவியோ குறுக்கு போல்ட்டோ தேய்ந்திருக்கும். மூன்றாவது, தண்டு புஷ்ஷில் சுழலும் இடம். நான்காவது, தண்டுக்கும் பலகைக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத உள்பக்கம். ஐந்தாவது, குழாய் படகின் அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் இடம்.

முதல் இரண்டும் கையில் பெரிதாகத் தெரியும், ஆபத்து குறைவு. கடைசி இரண்டும் கையில் சுலபமாகத் தெரியாது. ஆபத்து மிக அதிகம். நான்காவதில் பழுது முற்றினால் டில்லர் திரும்பும், பலகை திரும்பாது. ஐந்தாவதில் பழுது முற்றினால் படகுக்குள் கடல் வரும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் படகு கரையில் நிற்க வேண்டும், ஆள் இரண்டு பேர் வேண்டும். எனக்கு உதவிக்கு வந்தவன் என் தங்கை மகன், கல்லூரியில் படிக்கிறான். அவனை மேலே தண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் கீழே பலகையின் அடிமுனையைப் பிடித்து இடமும் வலமுமாக, பிறகு முன்னும் பின்னுமாக அசைத்தேன். இந்த வேலையில் கண்ணை நம்பக் கூடாது. கால் மில்லிமீட்டர் அசைவைக் கண் தவறவிடும், விரல் தவறவிடாது. சந்தேகப்படும் இரண்டு பாகங்களும் சேரும் கோட்டின் மேல் விரல்நுனியைக் குறுக்காக வைக்க வேண்டும். பாதி இதன் மேல், பாதி அதன் மேல். இரண்டும் சேர்ந்து அசைந்தால் விரல் பேசாமல் இருக்கும். ஒன்று அசைந்து மற்றது நின்றால் தோல் இழுபடும்.

ஒவ்வொரு கோடாக விரலை மாற்றி வைத்துக்கொண்டே வந்தான்.

"மாமா, டில்லர் போல்ட்டுல ஆட்டம் இருக்கு. தலைக்கும் தண்டுக்கும் நடுவுல ஒண்ணுமில்ல. மேல்புஷ்ல கொஞ்சம் இருக்கு."

"குழாய் அடியில வச்சுப் பாரு. படகோட அடித்தளத்துல ஒட்டியிருக்கே, அங்க."

"அசையல மாமா. கல்லு மாதிரி இருக்கு."

பிறகு நான் கீழே கீழ்ப்புஷ்ஷின் விளிம்பில் விரலை வைத்து, அவனை இறங்கி வந்து பலகையை ஆட்டச் சொன்னேன். அங்கேதான் விஷயம் இருந்தது. தண்டு பக்கவாட்டில் நன்றாகவே நகர்ந்தது. ஃபீலர் கேஜ் தகடுகளைச் சேர்த்துச் செருகிப் பார்த்தபோது கீழே 2 மி.மீ., மேலே 1 மி.மீ. வந்தது.

நான்காவது இடத்தைச் சோதிக்கத் தனி முறை உண்டு. டில்லரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அசையாமல் கட்டிவிட்டு, பலகையின் பின்விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். தண்டு நிற்க, பலகை மட்டும் திரும்பினால் உள்ளே தண்டையும் ஸ்டீல் பட்டைகளையும் இணைக்கும் வெல்டிங் விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் பலகையைப் பிளந்து சரிசெய்யும்வரை அந்தப் படகைக் கடலில் இறக்கவே கூடாது.

அடிமுனை சொல்லும் கணக்கு

கண்டுபிடித்தது சரிதானா என்று உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. பலகையின் அடிமுனைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை அசையாமல் நிறுத்தி, பலகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. என் படகில் 9 மி.மீ. கிட்ட வந்தது. பார்த்தால் பயமாக இருக்கும் அளவு. ஆனால் பயப்படுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் இரண்டு புஷ்ஷுக்கும் நடுவே 50 செ.மீ. தூரம். கீழ்ப்புஷ்ஷிலிருந்து பலகையின் அடிமுனை 1.1 மீட்டர் கீழே. அதாவது 2.2 மடங்கு. இரண்டு புஷ்ஷின் இடைவெளியையும் கூட்டி (2 + 1 = 3) 2.2 ஆல் பெருக்கினால் 6.6. அதோடு கீழ்ப்புஷ்ஷின் இடைவெளி 2 மி.மீ.யைச் சேர்த்தால் 8.6 மி.மீ. அளந்ததும் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டது. அடிமுனையின் ஆட்டம் முழுவதையும் இரண்டு புஷ்ஷே விளக்கிவிடுகின்றன. வேறு எங்கும் ஆட்டம் ஒளிந்திருக்கவில்லை.

அளந்த எண் கணக்கைவிட நிறைய அதிகமாக இருந்தால், மிச்ச ஆட்டம் பலகைக்குள்ளோ குழாயிலோ இருக்கிறது. இந்தச் சின்னப் பெருக்கலுக்கு ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும். இதைச் செய்யாமல் புஷ் மாற்றக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

இறக்குவது

தனியே தொங்கும் சுக்கானை இறக்க வேண்டுமானால், பலகைக்குக் கீழே தண்டின் நீளம் அளவுக்காவது வெற்றிடம் வேண்டும். மணல் கரையில் குழி தோண்டலாம். சிமெண்ட் தளம் உள்ள யார்டில் முடியாது. ஆகவே படகைக் கிரேனில் தூக்கும்போதே, "சுக்கான் இறக்கணும், உயரமாக முட்டுக் கொடுங்கள்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகு நினைவு வந்தால் இன்னொரு தூக்குக் கூலி.

மேலே தலையைக் கழற்றுவதற்கு முன் பலகையின் கீழே பழைய டயரும் மரக்கட்டையும் அடுக்கி, பலகையைச் சுற்றிக் கயிறு போட்டு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையின் போல்ட்டை எடுத்ததும் பலகையைத் தாங்க மேலே ஒன்றுமே இருக்காது. தண்டு பளுவானது, விழுந்தால் வளையும், காலில் விழுந்தால் காலும் போகும். மெதுவாக, கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே இறக்கினோம்.

தண்டையும் பலகையையும் படிப்பது

தண்டைத் துடைத்து, வெர்னியரால் அளந்தேன். புஷ் படாத இடத்தில் 38 மி.மீ. மேல்புஷ் படும் இடத்தில் 37.95. கீழ்ப்புஷ் படும் இடத்தில் முன்பின்னாக 37.9, பக்கவாட்டில் 37.7. ஒரே உயரத்தில் இரண்டு திசையிலும் அளந்தால்தான் இது தெரியும். ஒரு திசையில் மட்டும் அளந்துவிட்டு நகர்ந்தால் தண்டு நீள்வட்டமாகியிருப்பது தெரியாமலே போய்விடும்.

மெத்தென்ற பிளாஸ்டிக், ஸ்டீலைத் தேய்க்குமா என்று சிலர் கேட்கிறார்கள். தேய்க்கும். ஆற்று முகத்தில் மிதக்கும் நுண்மணல் புஷ்ஷுக்குள் நுழைந்து மிருதுவான பிளாஸ்டிக்கில் பதிந்துகொள்ளும். அதன்பிறகு அந்தப் புஷ்ஷின் உள்சுவர் எமரித்தாளாகிவிடும். தேய்வது எதிரே இருக்கும் உலோகம். என் தண்டில் நகத்தால் வருடினால் தட்டுப்படும் நுண்வரிகள் வளையம் வளையமாக இருந்தன. வரியை மட்டும் மழுங்க வைக்கும் அளவுக்கு 400, பிறகு 800 எமரித்தாள் பட்டையைத் தண்டைச் சுற்றிப் போட்டு இரண்டு கையாலும் இழுத்து மெருகேற்றினேன்.

அடுத்து குழித்துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேலே தானாகவே படியும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் கிழிந்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள ஆக்சிஜன் வேண்டும். திறந்த கடல்நீரில் ஆக்சிஜன் கிடைக்கும். புஷ்ஷுக்கு அடியிலும், தண்டு பலகைக்குள் நுழையும் கழுத்திலும் தேங்கி நிற்கும் உப்புநீரில் கிடைக்காது. அங்கே ஸ்டீல் ஊசிக்குத்தல்போல உள்நோக்கி அரிக்கும். 316 தரத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304ஐவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் முழுக்கத் தப்பிக்காது. பழுப்புக் கறை கசியும் இடத்தை எல்லாம் சுரண்டிப் பார்த்து, குழி ஆழமாக இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். என் தண்டில் கறை மட்டும்தான் இருந்தது.

பலகையின் அடிமுனைக்குப் பக்கத்தில் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டேன். உள்ளே நுரையும், தண்டிலிருந்து கிளைபிரியும் ஸ்டீல் பட்டைகளும் இருக்கும் பலகை இது. ஓட்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டி நின்றது, தெளிவாக இருந்தது. பழுப்பாக, நாற்றத்தோடு வடிந்திருந்தால் உள்ளே பட்டைகள் அரிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். பலகையை நிழலில் தொங்கவிட்டு நன்றாக உலரவைத்து, ஓட்டையை எபாக்சியால் அடைத்தேன். தண்ணீர் நுழைந்த வழி தண்டின் கழுத்துதான். அங்கே சுற்றிலும் ஒரு சின்னக் காடி எடுத்து, எபாக்சிக்குப் பதில் பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்பினேன். வெயிலில் ஸ்டீலும் ஃபைபரும் ஒரே அளவில் விரிவதில்லை. விறைப்பான எபாக்சி அங்கே விரிசல் விடும், ரப்பர்போல நெகிழும் சீலண்ட் தாங்கும்.

லேத் பட்டறையில்

பழைய புஷ் நைலான். படகுக் கடைகளில் இன்றும் நைலான் புஷ் விற்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும். நீரில் ஊறி முழுதாகச் செறிந்தால் தன் எடையில் 8, 9 சதவீதம்வரை நீரை ஏற்கும் வகைகள் உண்டு. பட்டறையில் கச்சிதமாகப் பொருந்திய புஷ், கடலில் சில வாரம் கிடந்ததும் உப்பித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்து இடைவெளியைக் கூட்டி வைத்தால் முதல் நாளிலிருந்தே ஆட்டம். எனக்கு வேண்டியது அசிட்டால். டெல்ரின் என்ற பெயரில் கடைக்காரர்களுக்குத் தெரியும். அது ஏற்கும் நீர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, லேத்தில் அழகாகக் கடையவும் வரும்.

சித்தியவானில் செம்பனை ஆலைகளுக்குப் பம்பு பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணன் மூலையில் கிடந்த வெள்ளைத் தடிகளைக் காட்டினார்.

"இதுல எது டெல்ரின்ணே?"

"வெள்ளையா இருக்கிறதெல்லாம் ஒண்ணு இல்ல தம்பி. எழுதி வச்சதும் அழிஞ்சு போச்சு. இரு, கேட்டுப் பார்ப்போம்."

ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, உப்பைக் கொட்டிக் கலக்கினார். இனிமேல் கரையாது என்று அடியில் உப்பு தங்கும்வரை கலக்கினார். இரண்டு தடியிலிருந்தும் ஒவ்வொரு சீவலை வெட்டி உள்ளே போட்டு, ஒட்டியிருந்த காற்றுக்குமிழியைக் குச்சியால் தட்டிவிட்டார். ஒன்று மேலே வந்து மிதந்தது. மற்றது நேராக அடிக்குப் போய் உப்பின் மேல் உட்கார்ந்தது.

"மிதக்கிறது நைலான். முழுகினது உன்னோடது."

காரணம் அடர்த்தி. நைலான் ஏறக்குறைய 1.14, அசிட்டால் 1.41, உப்பு செறிந்த நீர் 1.2. நல்ல தண்ணீரில் போட்டிருந்தால் இரண்டும் மூழ்கியிருக்கும். கண்ணாடி இழை கலக்காத நைலானுக்கு இந்தச் சோதனை தப்பாது. பிளாஸ்டிக் தடி வாங்கும் யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அளவு முடிவுசெய்யும்போது இரண்டு விஷயம் பேசினோம். கீழ்ப்புஷ் படும் இடத்தில் தண்டு நீள்வட்டம் என்பதால், உள்துளை பெரிய விட்டத்துக்கு, அதாவது 37.9க்குத்தான் பொருந்த வேண்டும். அதற்கு மேல் 0.2 மி.மீ. இடைவெளி விட்டு 38.1. பக்கவாட்டில் 0.4 மி.மீ. ஆட்டம் மிஞ்சும். அதையும் போக்க வேண்டுமென்றால் தண்டில் ஸ்டீல் உறை ஏற்ற வேண்டும். 2 மி.மீ. இருந்த இடத்தில் 0.4 என்பது இந்தப் படகுக்குப் போதும் என்று முடிவெடுத்தேன். மேல்புஷ்ஷுக்கு 38.15.

இரண்டாவது, குழாயின் உள்விட்டம் 50 மி.மீ. புஷ்ஷின் வெளிவிட்டத்தை 50.15 ஆகக் கடைந்தால்தான் இறுக்கமாக நிற்கும். ஆனால் அப்படி இறுக்கிச் செருகும்போது, வெளியே நசுங்கிய அந்த 0.15 கிட்டத்தட்ட முழுதாக உள்துளையைச் சுருக்கிவிடும். ஆகவே உள்துளையையும் 0.15 கூட்டியே கடைய வேண்டும். கீழே 38.25, மேலே 38.3. இதைச் சொல்லாமல் கொடுத்தால் கச்சிதமான புஷ் கிடைக்கும், தண்டு நுழையாது. உள்சுவரில் நீளவாக்கில் நான்கு காடியும் எடுக்கச் சொன்னேன், மணல் நிற்காமல் கழுவிப் போவதற்கு.

பொருத்துவது

பழைய புஷ்ஷை எடுக்க, ரம்பத் தகட்டைக் குழாய்க்குள் விட்டு நீளவாக்கில் அறுத்தேன். குழாயின் சுவரைத் தொடாமல் கடைசி மெல்லிய தோலை விட்டு நிறுத்திவிட வேண்டும்; உளியால் உள்நோக்கித் தட்டினால் புஷ் தானே மடங்கி வரும்.

புதிய புஷ்களை வீட்டு ஃப்ரீஸரில் ஓர் இரவு வைத்தேன். அசிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஆறேழு மடங்கு சுருங்கி விரியும் பொருள். நம் ஊர் 30 டிகிரியிலிருந்து ஃப்ரீஸரின் மைனஸ் 18க்குப் போனால், 50 மி.மீ. விட்டம் கால் மி.மீ. சுருங்கும். 0.15 பெரிதாக இருந்த புஷ் இப்போது 0.1 சிறிதாகிவிட்டது. ஐஸ் பெட்டியில் யார்டுக்குக் கொண்டுபோய், கையுறையோடு எடுத்துச் செருகினேன். சுத்தியல் தேவைப்படவில்லை. பெருவிரலால் அழுத்தியதே போதும். ஆனால் தாமதிக்கக் கூடாது. வெயில் பட்டதும் விரிய ஆரம்பிக்கும், பாதி வழியில் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அசிட்டாலில் எபாக்சி ஒட்டாது. ஆகவே பசையை நம்பாமல், குழாய் வழியாக ஒரு சின்னத் திருகாணி போட்டுப் புஷ் சுழலாமல் பூட்டினேன்.

தண்டை ஏற்றி, தலையைப் பூட்டுவதற்கு முன் மேலும் கீழுமான ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே நுரை உள்ள பலகை தண்ணீரில் மேலே எழும்பப் பார்க்கும். தலைக்கும் மேல்புஷ்ஷுக்கும் நடுவில் அசிட்டால் வாஷர் வைத்து அதை அடக்கினேன். கிரீஸ் போடவில்லை. இந்தப் புஷ்ஷுக்குக் கடல்நீரே எண்ணெய். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டில்லரின் போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைத்தேன்.

பிறகு அதே ஸ்கேல், அதே அடிமுனை. 9 மி.மீ. இருந்த ஆட்டம் 2 மி.மீ.க்குள் அடங்கிவிட்டது.

வேறு வகைச் சுக்கான்களுக்கு

சுக்கான் படகின் பின்சுவரில் கதவுக்கீல் போன்ற கொண்டிகளில் தொங்கும் வகையானால் வேலை சுலபம். ஊசி நேராக இருக்கும், அது நுழையும் கண்தான் பெரிதாகியிருக்கும். கண்ணைப் பெரிதாகத் துளைத்து அசிட்டால் புஷ் செருகலாம். ஆனால் கொண்டிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்துவிட்டுத் துளையுங்கள். பின்சுவரில் கொண்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அடியில் மரம் ஊறி அழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல படகுகளில் ஆட்டம் கொண்டியில் இருக்காது, அந்த மரத்தில் இருக்கும்.

லேத் கிடைக்காத இடத்தில், அல்லது குழாய் வட்டமாக இல்லாதபோது, புஷ்ஷை அங்கேயே வார்க்கலாம். தண்டுக்கு நன்றாக மெழுகு பூசி, குழாயின் நடுவில் சரியாக நிறுத்தி, இடைவெளியில் கிராஃபைட் தூள் கலந்த கெட்டி எபாக்சியை நிரப்புவது. தண்டு அலுமினியமாக இருந்தால் கிராஃபைட் வேண்டாம். உப்புநீரில் அந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

வழியில் திடீரென ஆட்டம் கூடிவிட்டால், பிளாஸ்டிக் பால் புட்டியை வெட்டித் தண்டைச் சுற்றிச் செருகலாம். அது துறைமுகம் சேரும்வரைக்கான ஏற்பாடு. என் படகின் மேல்புஷ்ஷில் முன்பு வைத்திருந்தவர் செருகிய அப்படி ஒரு துண்டு, கறுத்து நைந்து, இன்னும் இருந்தது.

கடைசியாக

பங்கோர் பக்கம் போய் 6 நாட் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு 5 நாட் தாண்டினால் டில்லரில் ஏறும் அதிர்வு இப்போது இல்லை. படகு லேசாகத் திரும்ப நினைப்பதைக்கூட டில்லர் உடனே கைக்குச் சொல்கிறது. ஆட்டம் இருந்த வருஷங்களில் இந்தச் செய்தி எல்லாம் புஷ்ஷிலேயே தொலைந்துகொண்டிருந்திருக்கிறது. பாய் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை படகு கரையேறும்போது அடிமுனை ஆட்டத்தை ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். எண் போன வருஷத்தைவிடத் தாவினால் அந்த வருஷமே கழற்றுங்கள். தண்டின் அளவு, இரண்டு புஷ்ஷின் உள்விட்டம், வெளிவிட்டம், எந்தப் பிளாஸ்டிக், எல்லாவற்றையும் நான் பின்பெட்டி மூடியின் உள்பக்கம் அழியாத மையில் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த முறை சுக்கானை இறக்குவதற்கு முன்பே புஷ் கடைந்து தயாராக இருக்கும். இந்தப் படகை நாளைக்கு வேறொருவர் வாங்கினாலும் அவர் ஊகத்தில் வேலை தொடங்க வேண்டியதில்லை.